திரும்பி உட்கார்ந்த ஏழு பேர்

இறையாண்மை என்றால் என்ன என்று பதினோரு வருஷம் சட்டக் கல்லூரியின் மாலை வகுப்பில் பாடம் நடத்தியவள் நான். எல்லாச் சொல்லுக்கும் மேலான கடைசிச் சொல் எவரிடம் இருக்கிறதோ அவரே இறையாண்மை உடையவர் என்று ஒரு கட்சி. அது அப்படி ஒருவரிடம் மொத்தமாக இருக்க முடியாது, பிரித்துப் பகிரப்பட்டது என்று இன்னொரு கட்சி. மற்ற நாடுகள் ஒப்புக்கொண்டால்தான் அதற்கு மதிப்பு என்று மூன்றாவது கட்சி. மூன்றையும் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு, உதாரணத்துக்கு நம் பத்மநாபபுரத்தை இழுப்பேன். நாட்டையே சாமிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, சாமியின் ஊழியனாக நின்று ஆண்ட ராஜாவிடம் கடைசிச் சொல் இருந்ததா, சாமியிடம் இருந்ததா? பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள். நான் நாற்காலியில் சாய்ந்து ரசித்துக்கொண்டிருப்பேன்.

கறுப்புக் கோட்டைக் கழற்றி மாட்டி நாலு வருஷம் ஆகிறது. புதிதாக வக்கீலாகப் பதிவு செய்திருக்கும் நீங்கள் எல்லோரும் நான் ஜெயித்த வழக்குகளைப் பற்றி எழுதச் சொல்கிறீர்கள். ஜெயித்ததைச் சொல்ல நம் சங்கத்தில் ஆளுக்கா பஞ்சம்? என் கெட்டிக்காரத்தனத்தால் எட்டு மனிதர்களை அந்நிய நாட்டுச் சிறையில் வருஷக்கணக்கில் உட்கார வைக்கப் பார்த்த கதையைச் சொல்கிறேன். அதுதான் உங்களுக்கு உபயோகப்படும்.

சுனாமி வந்து எட்டு, ஒன்பது வருஷம் கழிந்திருந்த சமயம். தக்கலையில் அரண்மனைக்குப் போகும் சாலையில் என் அலுவலகம். சுற்றுலா பஸ்ஸில் வருகிறவர்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது உள்ளே வந்து வழி கேட்பார்கள். அன்று மழையில் நனைந்துகொண்டு ஒரு பெண் வந்து நின்றபோது, என் குமாஸ்தா தங்கப்பன் வழக்கம்போல, “அரண்மனைக்கு நேராப் போணும்” என்றார்.

“அரண்மனைக்கு இல்ல, வக்கீலம்மாவத்தான் காணணும்” என்றாள் அவள். “எனக்க அப்பாவப் பிடிச்சு வச்சிருக்காவ. கூட ஏழு பேரும் உண்டு.”

அவள் பெயர் செலின். ஊர் தேங்காய்ப்பட்டணம், வயது இருபத்துநாலு. அப்பா மரியதாசன், ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகில் ஸ்ராங்கு. படகை ஓட்டுவதும், எங்கே போவது, எங்கே வலை போடுவது என்று முடிவு செய்வதும் ஸ்ராங்குதான். இந்தியப் பெருங்கடலில் ஒரு தீவுக்குப் பக்கத்தில், அனுமதியில்லாமல் மீன் பிடித்ததாகப் படகோடு எட்டுப் பேரையும் பிடித்திருந்தார்கள். தீவின் பெயர் இங்கே வேண்டாம். அதை ஒரு நாடு ஆள்கிறது, இன்னொரு நாடு அது எங்கள் மண் என்று பல காலமாகச் சொல்லி வருகிறது. இதைச் செலின் சொல்லி முடித்ததும் எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல் வந்தது. அப்பாவைப் பறிகொடுத்துவிட்டு ஒரு பெண் எதிரே நிற்கிறாள், எனக்கோ பதினோரு வருஷப் பாடம் உயிரோடு நடந்து வந்ததுபோல் சந்தோஷம். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

நான் பூதப்பாண்டிப் பக்கத்து வயல்காரக் குடும்பம். எல்லை என்றால் எனக்கு வரப்புதான். பக்கத்து வயல்காரன் வரப்பை ஒரு முழம் வெட்டிச் சேர்த்துக்கொண்டான் என்று வரும் வழக்குகளில்தான் என் அடுப்பு எரிந்தது. கடல் எனக்குக் கால் நனைக்கிற இடம், அவ்வளவே. அப்படிப்பட்டவள் பதினைந்து நாள் மற்ற வேலையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு நாற்பத்திரண்டு பக்கத்தில் ஒரு வாதம் எழுதினேன். தீவின் மீது அந்த நாட்டுக்குள்ள இறையாண்மையே ஐயத்துக்கு உரியது, ஆகவே சுற்றியுள்ள கடலும் அதனுடையது அல்ல, ஆகவே அந்த நீதிமன்றத்துக்கு இவர்களை விசாரிக்க அதிகாரமே இல்லை. நானே இரண்டு முறை படித்து மெச்சிக்கொண்டேன்.

செலின் பொறுமையாக எல்லாப் பக்கத்தையும் புரட்டிப் பார்த்தாள். பொறியியல் படித்துத் திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த பெண், இங்கிலீஷ் நன்றாகவே தெரியும்.

“இதுல அப்பாக்க பேரக் காணலியே அம்மா?”

“முப்பத்தெட்டாம் பக்கத்துல இருக்கு பாரு” என்றேன், கொஞ்சம் கடுப்பாக.

அந்தத் தீவில் நம் ஆட்களுக்கு இலவச உதவியாக ஒரு வக்கீலை அமர்த்தியிருந்தார்கள். அங்கே வாதாட வேண்டியவர் அவர்தான், எழுதி அனுப்புவது மட்டுமே என் வேலை. என் நாற்பத்திரண்டு பக்கத்தைப் படித்துவிட்டு மறுநாள் தொலைபேசியில் கூப்பிட்டார். மரியாதையான மனிதர். அருமையான வாதம் என்றார். “ஆனால் இதை நான் வாசித்தால், எங்கள் நீதிபதி முதலில் தான் உட்கார்ந்திருக்கும் நாற்காலி யாருடையது என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். அதற்கு மேல்முறையீடு, அதற்கும் மேலே ஒன்று. அதுவரை உங்கள் எட்டுப் பேரும் எங்கே இருப்பார்கள், அம்மையார்?”

இரண்டு நாடுகள் பேசித் தீர்க்க வேண்டிய சண்டையை எட்டு மீன்பிடிக்காரர்களின் தோளில் தூக்கி வைக்கப் பார்த்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

முகத்தில் அடிபட்டவள் அவசரப்படுவாள். நானும் அவசரப்பட்டேன். எஞ்சின் பழுதாகி நீரோட்டத்தில் இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று எழுதினால் போதும், எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள் என்று கரையில் விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். சரி என்று ஒரு பிரமாண வாக்குமூலம் தயார் செய்தேன். அப்பா அந்தக் கடல் பகுதிக்கு இதற்கு முன் போனதே இல்லை என்று மகள் சொல்வதாக ஒரு வரி. “எனக்குத் தெரிஞ்சு போனதில்ல” என்று செலின் மனசாரச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். செவ்வாய்க்கிழமை அதை அனுப்பினோம். வெள்ளிக்கிழமை விசாரணை, அன்று காலை அங்கே தாக்கல் செய்வதாக ஏற்பாடு.

இங்கே செலினின் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் கம்பெனி வேலையை விட்டுவிட்டு இரண்டு சிநேகிதிகளோடு சேர்ந்து கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றைச் செய்திருந்தாள். பெயர் ‘நீவாடு’. கடலின் நீரோட்டத்தை அவர்கள் கரையில் அப்படித்தான் சொல்வார்கள். விளையாடுகிறவர்தான் ஸ்ராங்கு. படகை ஓட்டிப் போய் மீன் உள்ள இடத்தில் வலை போட வேண்டும். கடலில் எங்கேயோ ஒரு எல்லை இருக்கிறது, ஆனால் திரையில் தெரியாது. தாண்டிய பிறகு காவல் கப்பல் வந்து பிடிக்கும்போதுதான் தாண்டியது தெரியும். ஒரு வருஷத்துக்கு முன்பே இணையத்தில் சும்மா எடுத்துக்கொள்ளும்படி போட்டுவிட்டாள். சொந்தக் கைக்காசில் சினிமா எடுக்கும் இளைஞர்கள் கொச்சியில் ஒரு திரைப்பட விழா நடத்தினார்கள். அதில் இந்த மாதிரி விளையாட்டுகளுக்கென்று ஒரு அறையை ஒதுக்கி, இவளுடையதையும் சேர்த்திருந்தார்கள். அந்தச் சனிக்கிழமை தொடக்கம்.

“யாரும் பைசா போடல அம்மா. அதனால அத வெட்டு, இத ஒட்டுண்ணு சொல்லுகதுக்கும் ஆளில்ல” என்றாள் ஒருநாள்.

“அப்ப ஒனக்க ராஜ்யத்துக்கு நீதான் ராஜா” என்று கேலி செய்தேன்.

தங்கப்பனுக்கு அந்த விளையாட்டில் பைத்தியம் பிடித்துவிட்டது. ஐம்பது வயதுக்காரர். செலினிடம் கேட்டு வாங்கி அலுவலகக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு, சாப்பாட்டு நேரம் முழுக்கப் படகோட்டினார். எப்படிப் போனாலும் மாட்டிக்கொண்டார்.

“ஏ பிள்ளே, இதுல ஒனக்க ஆளுவ ஏழு பேரும் என்னத்துக்குத் திரும்பி இருக்கானுவ? மொகத்தக் காட்டினா என்ன?” என்று ஒருநாள் கேட்டார்.

“மீன் உள்ள எடம் நெருங்கும்போ அப்பிடித்தான் மாமா. அப்பாக்க போட்டுல எல்லாரும் திரும்பி இருந்திருவாவ. எடம் எதுண்ணு ஸ்ராங்குக்கு மட்டுந்தான் தெரியணும். ஜி.பி.எஸ். பெட்டியில வார நம்பர அப்பா கையால பொத்தியிருவாவ. கூடப்பெறந்த தம்பிக்குக்கூடச் சொல்லமாட்டாவ.”

நான் கோப்பைப் புரட்டிக்கொண்டே இதைக் கேட்டேன். கடற்கரைச் சங்கதி ஏதோ பேசுகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

புதன்கிழமை காலை என் மேசையில் பழைய வழக்குப் பட்டியல் தாள் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. பின்பக்கம் தங்கப்பன் கையெழுத்தில் வரிசையாக எண்கள். விளையாட்டில் வலை போடும்போது திரையின் அடியில் அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை வரும். நல்ல மீன் கிடைத்த இடங்களை மறுபடி பிடிப்பதற்காக மனிதர் குறித்து வைத்திருக்கிறார். பக்கத்தில் தீவிலிருந்து வந்த குற்றப்பத்திரிகை திறந்து கிடந்தது. தாளை எடுத்துக் குப்பையில் போடப் போனவள் மூன்றாவது வரியில் நின்றேன். படகைப் பிடித்த இடமென்று குற்றப்பத்திரிகையில் இருந்த அதே எண்கள். கடைசி இலக்கம் வரை அதே.

செலினுக்குப் போன் போட்டேன். இரண்டு பஸ் மாறி, லேப்டாப்போடு வந்து சேர்ந்தாள்.

“இந்த நம்பரெல்லாம் ஒனக்கு எங்க கெடச்சுது?”

அவள் முகம் வெளிறியது. வீட்டில் மாதா சுரூபத்துக்குப் பின்னால் அப்பா ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை ஒளித்து வைத்திருந்தார். அவருக்குத் தெரியாமல் அதிலிருந்து எடுத்து எழுதியிருக்கிறாள். பெண்பிள்ளைகளைப் படகில் ஏற்றும் வழக்கம் அங்கே இல்லை. தான் பார்க்காத கடலை அப்பாவின் எண்களை வைத்து உண்டாக்கியிருக்கிறாள். எந்த எண் எந்த நாட்டுப் பக்கம் என்று அவள் வரைபடத்தில் வைத்துப் பார்த்ததில்லை. ஒரு வருஷமாக அந்த எண்கள் உலகம் பூராவும் கிடக்கின்றன. அப்பா அங்கே போனதே இல்லை என்று மகள் சத்தியம் செய்த காகிதம் வெள்ளிக்கிழமை நீதிமன்றத்துக்குப் போகிறது. அந்தப் பக்கத்துக்காரர் யாராவது ஒருவர் இந்த விளையாட்டைத் திறந்து பார்த்தால் எட்டுப் பேரும் பொய்யர்கள், செலினும் பொய்க்காரி, கருணைக்கு வழியே இல்லை.

இனி நான் சொல்வதை நன்றாகப் படியுங்கள். அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்த வார்த்தை, “நம்பர மாத்திரு.”

முப்பது வருஷம் கோட்டுப் போட்டவள் சொன்னேன். சாட்சியத்தைத் திருத்து என்று ஒரு சின்னப் பெண்ணிடம் சொன்னேன். அவள் மேல் இருந்த பரிவுதான் சொல்ல வைத்தது என்று ரொம்ப நாள் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். பயம்தான் காரணம். என் பிழை வெளியே தெரிந்துவிடும் என்கிற பயம்.

செலின் லேப்டாப்பைத் திறந்தாள். பத்து நிமிஷ வேலை என்றாள். கண்ணீர் விசைப்பலகையில் சொட்டியது. இரண்டு எண்களை அழித்துவிட்டு நிறுத்தினாள்.

“நீங்க சொன்னா மாத்துகேன் அம்மா. ஆனா அப்பாட்ட ஒரு வார்த்த கேக்கண்டாமா?”

நாற்பது நாளாக அவருக்காக எழுதுகிறேன், அவரிடம் யாருமே எதுவும் கேட்கவில்லை. நான் கேட்கவில்லை, கரைக்காரர்கள் கேட்கவில்லை. வாரத்துக்கு ஒருமுறை புதன்கிழமை நாலு மணிக்குப் பத்து நிமிஷம் வீட்டோடு பேச விடுவார்கள். அந்தப் பத்து நிமிஷமும் சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா என்பதிலேயே போயிருக்கிறது. அன்று புதன்கிழமை. நாலு மணிக்கு நானும் செலினும் தங்கப்பனும் அவள் போனைச் சுற்றி உட்கார்ந்தோம். செலின் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

“ஏட்டி, எனக்க பாயிண்ட எல்லாம் ஊருக்குக் காட்டிப்போட்டியா?”

வழக்கைப் பற்றி அல்ல, மீன் கிடைக்கும் தன் இடங்கள் வெளியே போனதைப் பற்றித்தான் அந்த மனிதரின் முதல் வேதனை. செலின் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“எத்தன பேரு வெளையாடினாவ?”

“முந்நூறு பேரு காணும் அப்பா.”

“ம்” என்றார். அப்புறம் என்னை அழைத்தார். “வக்கீலம்மா, எஞ்சின் கெட்டதுண்ணு நான் ஆருட்டயும் சொல்லலியே. எஞ்சினுக்கு ஒரு கேடும் இல்ல. நான் தெரிஞ்சுதான் போனேன். முன்னயும் ரெண்டு மட்டம் போயிருக்கேன். நம்ம பக்கத்துல மீன் இல்ல, நான் என்ன செய்ய? ஆனா கூட வந்த பிள்ளையளுக்கு ஒண்ணும் தெரியாது. எங்க நிக்கோம்ணே அவியளுக்குத் தெரியாது. எல்லாம் எனக்க தீருமானம். அவியள விடச் சொல்லுங்க, நான் இருந்துக்கிடுகேன்.”

“அவங்களுக்குத் தெரியாதுண்ணு நீங்க சொன்னா மட்டும் நீதிபதி நம்பணுமே” என்றேன்.

அப்போது தங்கப்பன் மெதுவாகச் சொன்னார். “அம்மா, அந்த கேம்ல ஏழு பேரும் திரும்பில்லா இருக்கானுவ?”

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஒரு வருஷத்துக்கு முன்னால், கைது என்ற பேச்சே இல்லாத காலத்தில் செய்து உலகத்துக்கு முன் வைத்த பொருள். வழக்குக்காக ஜோடித்தது என்று யாரும் சொல்ல முடியாது. இடம் நெருங்கும்போது ஆட்கள் திரும்பி உட்காருகிறார்கள், எண்கள் ஸ்ராங்குக்கு மட்டும் தெரிகின்றன. படகின் வழக்கம் அப்படியே அதில் இருந்தது. ஆனால் அதைக் காட்டினால் மரியதாசனின் எண்களையும் காட்ட வேண்டும். அவர் தெரிந்தே போனதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேறில்லை. இதை அவரிடம் மறைக்காமல் சொன்னேன்.

“செலினே” என்றார். “மாத்தாத கேட்டியா. ஒரு நம்பரும் மாத்தண்டாம். அப்பிடியே கொண்டு காட்டு.”

பத்து நிமிஷம் முடிந்து போன் நின்றது. செலின் அழித்த இரண்டு எண்களையும் திரும்ப எழுதினாள்.

தீவு வக்கீலைக் கூப்பிட்டு வாக்குமூலத்தைத் தாக்கல் செய்ய வேண்டாம் என்றேன். காரணத்தையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், அவரோ நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். வியாழக்கிழமை முழுக்க உட்கார்ந்து இரண்டே பக்கம் எழுதினேன். அதில் மரியதாசன் பெயர் முதல் வரியில் வந்தது. வெள்ளிக்கிழமை அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். வக்கீல் விளையாட்டை நீதிமன்றத்தில் ஓட்டிக் காட்டினாராம். நீதிபதி தானே ஓட்டிப் பார்க்க வேண்டுமென்று வாங்கி, மூன்றாவது நிமிஷமே எல்லை தாண்டி மாட்டிக்கொண்டாராம். ஏழு பேரையும் விடுவித்து உத்தரவு போட்டார். மூன்றாவது வாரம் அவர்கள் தேங்காய்ப்பட்டணம் வந்து சேர்ந்தார்கள். மரியதாசனுக்கு ஏழு மாதம் சிறை, படகு பறிமுதல். செலின் கொச்சி விழாவுக்குப் போகவில்லை. சிநேகிதிகள்தான் கொண்டுபோய் வைத்தார்கள்.

இதை ஜெயித்தேன் என்று நான் எங்கேயும் சொல்லிக்கொண்டதில்லை. மற்றவர்கள் சொன்னால் மறுத்திருக்கிறேன். கடைசிச் சொல் யாருடையது என்று வகுப்பில் மணிக்கணக்காகப் பேசியவளுக்கு, தன் கட்சிக்காரரின் வழக்கில் அது யாருடையது என்று ஒருதரம்கூடத் தோன்றவில்லை. மரியதாசன் தன் படகில் கடைசிச் சொல் சொன்னவர், அதன் பலன் முழுவதும் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டவர். அவருக்கு நான் எஞ்சின் கோளாறு எழுதிக் கொடுத்தேன். நீங்கள் நாளைக்கு ஒரு கோப்பைத் திறக்கும்போது, எழுதுவதற்கு முன்னால் அந்த மனிதரிடம் கேளுங்கள். அவர் சிறையில் இருந்தாலும், கடலுக்கு அப்பால் இருந்தாலும் கேளுங்கள். வெட்கப்பட்டு நான் கற்றது இதுதான்.

தண்டனை முடிந்து ஊர் வந்த மறுவாரம், மரியதாசன் மகளோடு என் அலுவலகத்துக்கு வந்தார். வாழையிலையில் பொதிந்து ஒரு பெரிய நெய்மீன் கொண்டுவந்திருந்தார். நாங்கள் மீன் சாப்பிடாத குடும்பம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வாங்கித் தங்கப்பனிடம் கொடுத்தேன். மெலிந்து, தாடி நரைத்துப் போயிருந்தார். இனி என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

“தங்கச்சி மவனுக்க போட்டுல கூடப் போறேன். இப்பம் அவன் ஸ்ராங்கு” என்று சிரித்தார். “நான் திரும்பி இருக்கணும்.”

செலின் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் அதைக் கவனித்திருக்க வேண்டும். தங்கப்பனின் கம்ப்யூட்டரைப் பார்த்து, “அந்த வெளையாட்டு இதுலயா இருக்கு? எனக்கு ஒருக்கக் காட்டு மக்கா” என்றார்.

அவள் நாற்காலியில் உட்கார வைத்து எந்த விசை எதற்கென்று சொல்லிக் கொடுத்தாள். பெரிய விரல்களால் தட்டுத் தடுமாறிப் படகைக் கிளப்பினார். கொஞ்ச நேரத்தில் முதுகு நிமிர்ந்தது, முகம் மாறியது. நீரோட்டம் இழுக்கிற பக்கத்துக்கு எதிராகப் படகைத் திருப்பிக்கொண்டே போனார். அப்படி ஒருவர் அதை ஓட்டி நான் பார்த்ததில்லை. திரையில் ஏழு பேரும் மெல்லத் திரும்பி உட்கார்ந்தார்கள். அடியில் எண்கள் வரத் தொடங்கின. உலகத்தில் முந்நூறு பேர் பார்த்த எண்கள், நீதிபதி பார்த்த எண்கள், தங்கப்பன் வழக்குப் பட்டியலின் பின்னால் எழுதி வைத்த எண்கள்.

மரியதாசன் இடது கையை நீட்டி அவற்றைப் பொத்தினார்.

தங்கப்பன் என்னைப் பார்த்தார். அவர் முதலில் சுவர்ப் பக்கம் திரும்பினார், பிறகு நான் திரும்பினேன், கடைசியாகச் செலின் திரும்பினாள். மரியதாசன் வலையைப் போட்டு முடிக்கும்வரை நாங்கள் மூன்று பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.